தலையீத்து ராஜபாளையம்: கத்திரி வெயிலில் குட்டி போடப் போகுது, என்னென்ன தயார் பண்ணணும்?

கரிசக்காடு (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ராஜபாளையம் நாய், பொட்டை, மூணு வயசு, எடை 24 கிலோ. இதுதான் தலையீத்து, அதாவது முதல் பிரசவம். மார்ச் 3, 5 ரெண்டு நாளும் கடுவனோட சேர்ந்தது. ஏப்ரல் 3 ஸ்கேன்ல சினை உறுதியாயிருச்சு. எத்தனை குட்டின்னு இப்போ சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இன்னைக்கு ஏப்ரல் 12.

ஊர் சங்கரன்கோவில் பக்கம். ராத்திரியில ஏதாவது ஆனா திருநெல்வேலிதான் போகணும், ஒன்றரை மணி நேரம் ஆகும்.

கேட்க வேண்டியது இதெல்லாம்:

தோட்டத்துல ஒரு தகர ஷெட் இருக்கு, அதுல வச்சுக்கலாமா? பெட்டி என்ன அளவுல அடிக்கணும்? மெடிக்கல்ல கால்சியம் சிரப் தினம் 10 மில்லி கொடுக்கச் சொல்றாங்க, கொடுக்கலாமா? குட்டி வர லேட்டானா ஒரு ஊசி போட்டா உடனே வந்துரும்னு ஊர்ல சொல்றாங்க, அது சரியா? கூட இருந்து நாம என்ன செய்யணும், எதைச் செய்யக் கூடாது?

இப்போதைய சாப்பாடு: காலையில பால்சோறு, சாயங்காலம் கோழிக்கால், கழுத்து வேகவச்சுச் சோறு. பூச்சி மருந்து கடைசியா டிசம்பர்ல கொடுத்தது. தடுப்பூசி ஜனவரியில போட்டாச்சு.

---

வேட்டைத்துணை

தம்பி, முதல்ல தேதியை முடிவு பண்ணிக்கோங்க. 63 நாள்ங்கிற கணக்கு முட்டை வெளிவந்த நாளிலிருந்து. சேர்ந்த நாளிலிருந்து எண்ணினா முன்னப்பின்ன ஆகும். ஏன்னா கடுவனோட விந்து உள்ளே அஞ்சாறு நாள் உயிரோட இருக்கும். பொட்டையோட முட்டையும் வெளிவந்து ரெண்டு நாள் கழிச்சுத்தான் பக்குவப்படும். உங்க தேதிக்கு மே 5-லேருந்து 7 வரைக்கும் நடுவாந்திரம். ஆனா ஏப்ரல் 29-ல இருந்தே எல்லாம் கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும். மே 12 தாண்டியும் ஒண்ணும் ஆகலைன்னா வீட்ல வச்சுக் காத்திருக்காதீங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருங்க.

தகர ஷெட் வேண்டவே வேண்டாம். மே 4-ல அக்னி நட்சத்திரம் பிறக்குது, உங்க நாள் சரியா அதுல விழுது. குட்டி வளர்ப்பு பத்தி வெளிநாட்டுக்காரங்க எழுதுறதெல்லாம் குளிருக்காக எழுதுறது: லைட்டு போடு, ஹீட்டிங் பேட் வை, போர்த்து. நம்ம பக்கம் மே மாசப் பகல்ல அதையெல்லாம் செஞ்சா குட்டி வெந்துரும். பிறந்து ரெண்டு வாரம் வரைக்கும் குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே சமாளிக்கத் தெரியாது. குளிரும் கொல்லும், வெக்கையும் கொல்லும். தாய்க்கும் வெக்கை தாங்கலைன்னா மூச்சு வாங்கிக்கிட்டே கிடக்கும், பால் குறையும், பெட்டியை விட்டு எழுந்து போய் வெறுந்தரையில படுத்துக்கும்.

வீட்டுக்குள்ள ஓட்டுக்கூரை இருக்கிற அறையோ, மேல இன்னொரு மாடி இருக்கிற அறையோ பாருங்க. ஆள் நடமாட்டம் இல்லாத மூலை. வேற வழியே இல்லைன்னா ஷெட் மேல தென்னங்கீத்து ரெண்டு வரிசை போட்டு, ஜன்னல்ல ஈரச் சாக்கு தொங்க விடுங்க. காத்துல கொஞ்சம் ஈரப்பதம் இருக்கிறது குட்டிக்கும் நல்லதுதான். ஃபேனை சுவர் பக்கம் திருப்பி வைங்க, பெட்டிக்குள்ள நேரா அடிக்கக் கூடாது.

குட்டி படுக்கிற இடத்துல ஒரு அறை வெப்பமானி வைங்க. முதல் வாரம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ், ரெண்டாவது வாரம் 26 முதல் 29 இருந்தாப் போதும். மே மாசப் பகல்ல தானாவே அதுக்கு மேல இருக்கும், அதனால பகல்ல சூடு ஏத்துற வேலையே இல்லை, இறக்குற வேலைதான். ராத்திரி மழை பெஞ்சு சட்டுனு குளிர்ந்தா மட்டும் சுடுதண்ணி பாட்டிலைத் துணியில சுத்தி ஒரு ஓரத்துல வைங்க. பிடிக்காத குட்டி நகர்ந்துக்க இடம் இருக்கணும். குட்டிங்க ஒண்ணு மேல ஒண்ணு குவிஞ்சு கிடந்தா குளிருது. தனித்தனியா பரந்து கிடந்து கத்தினா வெக்கை. வெப்பமானியை விட இது வேகமாச் சொல்லிரும்.

பெட்டி: 5 அடிக்கு 4 அடி, பக்கச்சுவர் ஒன்றரை அடி, 12 மில்லிமீட்டர் பிளைவுட். நாய் நாலு காலையும் நீட்டிப் படுத்து, மேற்கொண்டு ஒரு அடி மிச்சம் இருக்கணும், அதான் கணக்கு. முன்பக்கம் மட்டும் பலகைகளைச் செருகி எடுக்கிற மாதிரி வைங்க. ஆரம்பத்துல அரை அடி உயரப் பலகை ஒண்ணு போதும். தாய் காலைத் தூக்கி வச்சு வரணும், மடி உரசக் கூடாது.

ரொம்ப முக்கியம் உள்பக்கச் சட்டம். தரையிலிருந்து 4 அங்குலம் மேல, சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி, ஒரு அங்குல பிவிசி குழாயைச் சுத்திலும் மாட்டுங்க. தாய் சுவர்ல முதுகைச் சாய்ச்சுத்தான் படுக்கும். முதுகுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு குட்டி மாட்டினா அது கத்துறது அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிற தாய்க்குப் புரியாது, அதுவும் தலையீத்துன்னா சுத்தமாப் புரியாது. நசுங்கிப் போகும். குழாய் இருந்தா குட்டி அதுக்குக் கீழே ஒதுங்கிக்கும்.

தரையில முதல்ல ஒரு ரெக்ஸின், மேல செய்தித்தாள் எட்டுப் பத்து மடிப்பு. குட்டி போட்டு முடிக்கிற வரைக்கும் தாளும் பழைய காட்டன் வேட்டியும்தான். நனைய நனைய எடுத்துப் போட்டுட்டு மாத்துங்க. முடிஞ்சதும் தாளை எடுத்துட்டு நெருக்கமா நெய்த பழைய ஜமுக்காளத்தை இறுக்கி விரிச்சு ஓரத்தை அடியில செருகிடுங்க. வழுக்குற தரையில வளர்ற குட்டிக்குக் கால் பக்கவாட்டுல விரிஞ்சு தவளை மாதிரி ஆயிரும். சாக்கு, நூல் பிரிஞ்ச துணி, மரத்தூள் மூணும் கூடாது. ஃபினாயில் போட்டுக் கழுவாதீங்க. ப்ளீச்சிங் தண்ணி தெளிச்சுக் கழுவி ரெண்டு நாள் வெயில்ல காயப்போட்டாப் போதும்.

ஏப்ரல் 20-க்குள்ள பெட்டி ரெடியாகி அது அதுல படுத்துத் தூங்கப் பழகணும். கடைசி நாள்ல காட்டினா ஏத்துக்காது, தோட்டத்துல குழி பறிச்சு அங்க போட்டுரும்.

---

தெற்குக் கால்நடை மருத்துவர்

முதலில் கால்சியம். கொடுக்காதீர்கள். இந்தக் கேள்விக்கு "பார்த்துக் கொடுங்கள்" என்று மழுப்பலாகப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

காரணம் இது. இரத்தத்தில் கால்சியம் குறையும்போது எலும்பிலிருந்து எடுத்துத் தருவது பாராதைராய்டு சுரப்பி. சினைக்காலத்தில் வெளியிலிருந்து கால்சியம் போய்க்கொண்டே இருந்தால் அந்தச் சுரப்பி வேலையை நிறுத்திவிடும். குட்டி போட்டு இரண்டு மூன்று வாரத்தில் பால் உச்சத்தில் சுரக்கும்போது உடம்பு திடீரென்று கால்சியம் கேட்கும். விழித்துக்கொள்ள நேரமில்லாமல் சுரப்பி தடுமாறும். அதுதான் பால் காய்ச்சல். வராமல் இருக்க வேண்டும் என்று கொடுக்கும் சிரப்பே அதை வரவைக்கிறது. குட்டி போட்ட பிறகு தேவைப்பட்டால் மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்கலாம்.

சாப்பாடு. பால்சோற்றில் புரதம் போதாது. 24 கிலோ நாய்க்குச் சாதாரண நாட்களில் ஏறக்குறைய 1,200 கலோரி வேண்டும். ஆறாவது வாரத்திலிருந்து படிப்படியாக ஏற்றி, கடைசி வாரத்தில் 1,500 முதல் 1,800 வரை கொண்டுவாருங்கள். மிக எளிய வழி, குட்டிகளுக்கென்று விற்கும் உலர் தீவனத்துக்கு இப்போதே பத்து நாளில் மெல்ல மாற்றுவது. தினம் 400 முதல் 450 கிராம். கருப்பை வயிற்றை நெருக்குவதால் இரண்டு வேளை தாங்காது, நான்காகப் பிரித்துக் கொடுங்கள். வீட்டுச் சாப்பாடுதான் என்றால் சோற்றின் பங்கைக் குறைத்து, எலும்பில்லாத கோழிக்கறி, வேகவைத்த முட்டை இரண்டு, தயிர் என்று மாற்றுங்கள். ஈரல் வாரம் இருமுறை 50 கிராம் போதும், அதிகமானால் வைட்டமின் ஏ குட்டிகளைப் பாதிக்கும். வேகவைத்த கோழி எலும்பு எந்த நாளும் வேண்டாம். சில்லு சில்லாக உடைந்து குடலைக் குத்தும்.

பூச்சி மருந்து. உருண்டைப்புழுவின் குஞ்சுகள் தாயின் தசையில் உறங்கிக் கிடந்து, ஏறக்குறைய 40ஆம் நாளுக்கு மேல் விழித்து நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போகும். கொக்கிப்புழு பால் வழியாகப் போகும். டிசம்பரில் கொடுத்தது இதைத் தடுக்காது. ஃபென்பெண்டசோல், கிலோவுக்கு 50 மில்லிகிராம், 40ஆம் நாளிலிருந்து குட்டி போட்ட 14ஆம் நாள் வரை தினமும். உங்கள் நாய்க்கு 1,200 மில்லிகிராம். இதை உங்கள் மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டு இந்த வாரமே ஆரம்பியுங்கள். கடையில் மனிதருக்கு விற்கும் அல்பெண்டசோலைக் கொடுத்துவிடாதீர்கள், கருவைக் குலைக்கும். உண்ணி இருந்தால் கையால் பிடுங்குங்கள். அமிட்ராஸ் கலந்த தண்ணீரில் குளிப்பாட்ட இது நேரமல்ல. நம் பகுதியில் உண்ணிக் காய்ச்சல் அதிகம், அது தட்டணுக்களைக் குறைக்கும். தட்டணு குறைந்த நாய்க்குப் பிரசவத்தில் இரத்தம் நிற்காது. ஏழாவது வாரம் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துவிட்டால் அந்தப் பயம் இல்லை.

எக்ஸ்ரே. 55ஆம் நாளுக்குப் பிறகு ஒன்று எடுங்கள், உங்களுக்கு ஏப்ரல் 27 அல்லது 28. மண்டையோடுகளையும் முதுகெலும்புகளையும் எண்ணிச் சொல்லிவிடலாம். அந்தக் கட்டத்தில் ஒரு படத்தால் குட்டிக்குக் கெடுதல் இல்லை. எண்ணிக்கை தெரியாவிட்டால் நடு இராத்திரி நாய் அமைதியாகப் படுத்திருக்கும்போது அது முடித்துவிட்டதா, இன்னும் ஒன்று உள்ளே சிக்கியிருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்தால் முன்கூட்டியே எச்சரிக்கையாகலாம்: குட்டி பெரிதாக வளர்ந்திருக்கும், வலி ஒழுங்காக ஆரம்பிக்காமலும் போகலாம்.

இப்போது அந்த ஊசி. ஆக்ஸிடோசின். கருப்பை வாய் திறக்காமலோ, குட்டி குறுக்கே மாட்டியோ இருக்கும்போது அதைப் போட்டால் கருப்பை மூடிய கதவை இடிக்கும். கருப்பை கிழியலாம், அதற்கு முன்பே நஞ்சுக்கொடி பிரிந்து உள்ளே இருக்கும் மிச்சக் குட்டிகள் மூச்சில்லாமல் செத்துப்போகும். குட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்த பிறகு, மிகச் சிறிய அளவில், மருத்துவர் மட்டுமே போட வேண்டிய மருந்து. வீட்டுக்கு வந்து ஊசி போடுகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

---

கரிசக்காடு

ரொம்ப நன்றி டாக்டர், நன்றி அண்ணே. சிரப்பை ஓரங்கட்டிட்டேன். பூச்சி மருந்து நாளைக்கே கேட்டு வாங்கிடறேன்.

இன்னும் ரெண்டு சந்தேகம். வலி ஆரம்பிச்சிருச்சுன்னு எப்படி உறுதியாத் தெரியும்? வெயில்ல இப்பவே எப்பப் பார்த்தாலும் மூச்சு வாங்குது, அதான் குழப்பம். இன்னொண்ணு, எந்தக் கட்டத்துல வண்டியை எடுக்கணும்? ஒன்றரை மணி நேர தூரம், அதனால கேட்கிறேன்.

---

மாடத்துளசி

தம்பி, மூச்சு வாங்குறதை வச்சு முடிவு பண்ணாதீங்க. தெர்மாமீட்டர் வாங்குங்க, டிஜிட்டல். ஏப்ரல் 28-ல இருந்து காலை, மதியம், ராத்திரி மூணு வேளையும் ஆசனவாயில ஒரு அங்குலம் விட்டுப் பாருங்க, நுனியில கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கோங்க. நிழல்ல அரை மணி நேரம் படுத்த பிறகு பார்க்கணும், வெயில்ல நடந்து வந்த உடனே பார்த்தா தப்பாக் காட்டும். ஒரு நோட்ல எழுதிட்டே வாங்க.

சாதாரணமா 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். கடைசி வாரம் 100 கிட்ட ஆடும். அப்புறம் மூணு வேளையில ஏதாவது ஒரு வேளை பார்க்கும்போது சட்டுனு 99-க்குக் கீழே இறங்கியிருக்கும். அங்கிருந்து பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள்ள குட்டி வந்துரும். இறங்கினது சில மணி நேரத்துல மறுபடி ஏறிரும், ஒரு வேளை மட்டும் பார்க்கிறவங்க அதைத் தவற விட்டுருவாங்க. சில நாய்க்கு இறக்கம் தெளிவாத் தெரியாமலும் போகலாம், அதனால தேதியையும் அறிகுறியையும் சேர்த்தே பாருங்க.

முதல் கட்டம்: சாப்பிடாது, தாளைக் கிழிக்கும், பறிக்கும், நடுங்கும், பின்னாடி திரும்பித் திரும்பிப் பார்க்கும், சிலது வாந்தி எடுக்கும். வெளியே முக்குறது தெரியாது, கருப்பை வாய் திறந்துக்கிட்டிருக்கும். 6 முதல் 12 மணி நேரம். தலையீத்துல 24 வரைக்கும் இழுக்கலாம். இந்த நேரத்துல நீங்க செய்ய வேண்டியது பக்கத்துல சத்தமில்லாம உட்கார்றது, தண்ணி வைக்கிறது, அவ்வளவுதான். ராஜபாளையம் ஒரு ஆள்கிட்ட ஒட்டுற சாதி. அது யார்கிட்ட ஒட்டியிருக்கோ அவங்க ஒருத்தர் மட்டும் உள்ளே இருங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க பார்க்க வர்றது, போன்ல வீடியோ எடுக்கிறது எதுவும் வேண்டாம். பயந்த நாய்க்கு வலி நின்னு போகும். குட்டியை வாயில தூக்கிட்டு அலையும், கடிக்கவும் கடிக்கும்.

வெளிக்குப் போகத் துடிக்கும். குட்டி கீழே இறங்குற அழுத்தத்தை முதல் தடவைங்கிறதால மலம்னு நினைச்சுக்கும். கயிறு போட்டு, டார்ச்சோட, கையில ஒரு துண்டு எடுத்துக்கிட்டுக் கூடப் போங்க. இருட்டுல குட்டி விழுந்தது தெரியாம திரும்பி வந்துரக் கூடாது.

அடுத்தது முக்கல். வால் ஒதுங்கும், வயிறு இறுகும், கண்ணுக்கே தெரியும். பனிக்குடம் உடைஞ்சு, பையோட குட்டி வரும். பத்துல நாலு குட்டி பின்னங்கால் முதல்ல வரும், அது சாதாரணம்தான், பயப்படாதீங்க. பின்னங்கால் மடங்கி வெறும் வாலும் இடுப்பும் மட்டும் வந்தா அதுதான் சிக்கல்.

வெளியே வந்ததும் தாய் பையைக் கிழிச்சு நக்கணும். தலையீத்துல முதல் குட்டியைப் பார்த்துத் திகைச்சு நிக்கிறது உண்டு. பத்தெண்ணிப் பாருங்க, கிழிக்கலைன்னா நீங்க விரலாலே மூக்குப் பக்கம் கிழிச்சு, முகத்தைத் துடைச்சு, கைக்குழந்தைக்கு மூக்கு உறிஞ்சுற ரப்பர் பல்பால வாயையும் மூக்கையும் உறிஞ்சி எடுங்க. தலை கொஞ்சம் தாழ்வா இருக்க, காஞ்ச துண்டால முதுகையும் நெஞ்சையும் நல்லாத் தேயுங்க. கத்துற வரைக்கும் தேய்க்கணும். காலைப் பிடிச்சுத் தலைகீழா வீசுற பழக்கம் இன்னும் இருக்கு, செய்யாதீங்க. மூளையில ரத்தம் கசியும்.

தொப்புள்கொடி: வயித்திலிருந்து ஒரு அங்குலம் விட்டு, கொதிக்க வச்ச நூலால கட்டி, கட்டுக்கு அந்தப்பக்கம் வெட்டுங்க. மழுங்கின கத்தரிக்கோல் நல்லது, நசுக்கி வெட்டினா ரத்தம் குறைவா வரும். நுனியை பொவிடோன் அயோடின்ல முக்கி எடுங்க. கொடியை எந்தக் காரணத்துக்கும் குட்டியை விட்டு வெளிப்பக்கமா இழுக்காதீங்க, குடலிறக்கம் வந்துரும். தாயே கடிச்சா விடுங்க, ரொம்பக் கிட்டக் கடிக்கப் போனா மட்டும் தடுங்க. ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நஞ்சு (நஞ்சுக்கொடி) விழணும், எண்ணி எழுதுங்க. ஒண்ணு ரெண்டு தின்னா பரவாயில்லை, அத்தனையும் தின்ன விட்டா பேதியாகும்.

உங்க குட்டிங்க எல்லாமே வெள்ளை, ஒண்ணுக்கு ஒண்ணு வித்தியாசம் தெரியாது. கழுத்துல நூல் கட்டாதீங்க, இறுகிரும். பிறந்த வரிசைப்படி வலது தோள், இடது தோள், வலது இடுப்பு, இடுப்புக்கு மேலன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடத்துல துளி முடியைக் கத்தரிச்சு விடுங்க. எடை எழுத அப்பதான் வசதி.

வண்டியை எப்போ எடுக்கணும்னு டாக்டர் சொன்னா நல்லது.

---

தெற்குக் கால்நடை மருத்துவர்

இதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்கு மேல் ஒட்டிவையுங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தாலே புறப்பட வேண்டும்:

முதல் குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சை நிறத்தில் கசிவு வந்தால். நஞ்சு பிரிந்துவிட்டது என்று பொருள், உள்ளே இருக்கும் குட்டிக்கு நேரம் இல்லை. முதல் குட்டிக்குப் பிறகு வரும் பச்சை இயல்பானது.

பலமாக, விடாமல் அரை மணி நேரம் முக்கியும் குட்டி வராவிட்டால்.

விட்டு விட்டு லேசாக முக்கிக்கொண்டே இரண்டு மணி நேரம் போனால், அல்லது எக்ஸ்ரே கணக்குப்படி இன்னும் இருக்கும்போது கடைசிக் குட்டி வந்து இரண்டு மணி நேரம் தாண்டினால்.

வெப்பம் 99-க்குக் கீழே போய் 24 மணி நேரம் ஆகியும் முக்கல் ஆரம்பிக்காவிட்டால்.

குட்டி பாதி வெளியே, பாதி உள்ளே நின்றுவிட்டால். இதற்கு மட்டும் வழியில் காத்திருக்க முடியாது: சுத்தமான துணியால் பிடித்து, தாய் முக்கும்போது மட்டும், நேராக அல்லாமல் தாயின் குதிகால் பக்கமாகக் கீழ்நோக்கி மெல்ல இழுங்கள். அதற்கும் வராவிட்டால் வண்டியில் ஏற்றுங்கள்.

உங்களுக்கு ஒன்றரை மணி நேர தூரம். எனவே பொறுத்துப் பார்க்கும் நேரம் என்று ஒன்று உங்களுக்குக் கிடையாது. அரை மணி ஆனதும் போன் செய்துகொண்டே கிளம்புங்கள். திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இராத்திரி அறுவை சிகிச்சைக்கு ஆள் இருப்பார்களா, இல்லாவிட்டால் அருகில் எந்தத் தனியார் மருத்துவர் செய்வார் என்பதை இப்போதே நேரில் போய்க் கேட்டு, எண்களை எழுதிவையுங்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை ஊர்தி ஆடு மாடுகளை மனதில் வைத்து ஓடுவது, இராத்திரி நாய்ப் பிரசவத்துக்கு அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். வண்டிக்காரரிடமும் ஏப்ரல் 29-லிருந்து தயாராக இருக்கச் சொல்லிவிடுங்கள்.

போகும்போது பிறந்த குட்டிகளைத் தனிக் கூடையில் துணி சுற்றிய சுடுதண்ணீர் பாட்டிலுடன் எடுத்துக்கொள்ளுங்கள். தாயோடு சேர்த்து வைத்தால் வண்டி குலுக்கலில் மிதிபடும். வழியில் இன்னொன்று பிறந்தாலும் பிறக்கும், துண்டும் நூலும் கையில் இருக்கட்டும்.

---

பொதிகைக்காரன்

குட்டிங்க நிறைய இருந்து பால் பத்தலைன்னா பசும்பால்ல தண்ணி கலந்து இங்க் ஃபில்லர்ல விடலாம்ல? பசும்பால்ல தண்ணி சேர்த்தா லேசாயிரும்னு சொல்வாங்க.

---

மாடத்துளசி

வேண்டாம் அண்ணே. நாய்ப்பால்ல கொழுப்பும் புரதமும் பசும்பாலை விட ரெண்டு மடங்குக்கு மேல, சர்க்கரை குறைவு. தண்ணி கலந்தா இருக்கிற சத்தும் நீர்த்துப் போகும், குட்டிக்கு வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும், ஆனா பேதியாகி எடை இறங்கும். நாய்க்குட்டிக்குன்னே பால் பவுடர் டின் விக்குது, ஒண்ணு வாங்கி உடைக்காம வச்சிருங்க. கலக்குற விகிதம் டின் மேல இருக்கும். ஒரு தடவைக்கு 100 கிராம் எடைக்கு 4 மில்லி, ரெண்டு மூணு மணிக்கு ஒரு தரம். குட்டியைக் குப்புற வச்சு, தலை லேசா நிமிர்ந்திருக்க விடணும். மனுசக் குழந்தை மாதிரி மல்லாத்திப் பிடிச்சா பால் நுரையீரலுக்குப் போயிரும். இங்க் ஃபில்லர்ல வேகமா அமுக்கினாலும் அதே கதிதான், சின்ன நிப்பிள் பாட்டில் நல்லது.

அதை விட முக்கியமா ஒண்ணு: குளிர்ந்து போன குட்டிக்குப் பால் விடவே கூடாது. உடம்பு 94-க்குக் கீழே போனா குடல் ஓடாது, விட்ட பால் உள்ளேயே புளிக்கும். முதல்ல நம்ம நெஞ்சோட அணைச்சு, மெதுவா ஒரு மணி நேரம் எடுத்துச் சூடேத்தணும், சுடுதண்ணியில முக்கியோ லைட்டுக்குக் கீழே வச்சோ அவசரமா இல்லை. பிறகு பால்.

ஆனா இதெல்லாம் ரெண்டாவது. பிறந்த முதல் 12 மணி நேரத்துக்குள்ள எல்லாக் குட்டியும் சீம்பால் குடிச்சிருக்கணும். நோய் எதிர்ப்புச் சக்தி அதுல இருந்துதான், 24 மணி நேரம் ஆயிட்டா குடல் அதை உள்ளே விடாது. சின்னக் குட்டியை நீங்களே எடுத்துப் பின்காம்புல வைங்க, பால் அங்கதான் அதிகம். பெரிய குட்டி ஏற்கனவே பிடிச்சிருந்தா அதை முன்காம்புக்கு மாத்துங்க.

தராசு: சமையலறை டிஜிட்டல் தராசு போதும். பிறந்ததும் ஒரு தடவை, அடுத்து பத்து நாள் காலை மாலை. பெரும்பாலும் 300 முதல் 500 கிராம் இருக்கும். முதல் நாள் பத்துல ஒரு பங்கு குறைஞ்சா சரி, அதுக்கு மேல குறைஞ்சாலோ ரெண்டாவது நாளும் ஏறலைன்னாலோ அந்தக் குட்டியைக் கவனிக்கணும். எட்டுப் பத்து நாள்ல பிறந்த எடை ரெண்டு மடங்காகணும். குட்டி சாகப் போறதுக்கு முந்தின நாள் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, தராசு காட்டிரும்.

தாய் ஒவ்வொரு குட்டிக்கும் அடிவயித்தை நக்கிவிடணும், அப்பதான் ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போகும். தலையீத்துல நக்காம விட்டா வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச பஞ்சால நீங்க ஒத்தி விடுங்க, ஒவ்வொரு தடவை பால் குடிச்ச பிறகும். வாரம் ஒரு தடவை நகத்து நுனியை வெட்டுங்க, மடியைக் கீறும்.

---

வேட்டைத்துணை

மிச்சம் ரெண்டு விஷயம் நான் சொல்றேன்.

வெளியாட்கள், வேற நாய்ங்க. கடைசி மூணு வாரம், போட்டு மூணு வாரம், இந்த ஆறு வாரமும் வெளிநாய் எதோடவும் பழக விடாதீங்க. நாய் ஹெர்ப்பிஸ் வைரஸ் பெரிய நாய்க்கு வெறும் சளி, பிறந்த குட்டிக்கு எமன். பெட்டி இருக்கிற அறைக்குள்ள செருப்போட நுழையவே கூடாது, குட்டிக்குக் கடும் பேதி கொடுக்கிற பார்வோ வைரஸ் அதுல ஒட்டிக்கிட்டும் வரும்.

இன்னொண்ணு காது. ராஜபாளையத்துல வெள்ளை நிறத்தோடவே பிறவிச் செவிடு வர்றது உண்டு. காது திறக்க ரெண்டு வாரம் தாண்டும், அஞ்சாவது வாரத்துக்கு முன்னால சோதிச்சுப் பிரயோஜனம் இல்லை. தனியாத் தூங்குற குட்டிக்குப் பின்னாடி நின்னு சாவிக்கொத்தைக் குலுக்குங்க. தரையைத் தட்டாதீங்க, அதிர்வுல முழிச்சுக்கும். மத்தக் குட்டி கூட இருந்தா அதைப் பார்த்து இதுவும் திரும்பும். ஒரு காது மட்டும் கேட்காதது இந்தச் சோதனையில தெரியாது. கேட்காத குட்டியை வாங்க வர்றவங்ககிட்ட மறைக்காம சொல்லுங்க, அதை வச்சு இனம் பெருக்கவும் கூடாது.

முப்பது நாள்லயே அட்வான்ஸோட வந்து நிப்பாங்க. 2017 நாய் வளர்ப்பு, விற்பனை விதிப்படி எட்டு வாரத்துக்குக் குறைஞ்ச குட்டியை விற்கக் கூடாது. சட்டத்துக்காக மட்டும் இல்லை, கடிச்சா வலிக்கும்னு கூடப்பிறந்ததுங்ககிட்ட குட்டி கத்துக்கிறது அஞ்சு முதல் எட்டு வாரத்துலதான். குட்டிக்குப் பூச்சி மருந்து 2, 4, 6, 8 வாரத்துல, முதல் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்துல.

---

கரிசக்காடு

எழுதி வச்சுக்கிட்டேன் அண்ணே, அக்கா. கடைசியா ஒண்ணு டாக்டர். பால் காய்ச்சல்னு சொன்னீங்க, வந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது? வெயிலால மூச்சு வாங்குறதுன்னு நினைச்சு விட்டுருவேனோன்னு பயமா இருக்கு.

---

தெற்குக் கால்நடை மருத்துவர்

குழப்பம் வரக்கூடிய இடம்தான். பெரும்பாலும் குட்டி போட்ட முதல் நான்கு வாரத்துக்குள் வரும், குட்டிகள் அதிகமிருந்தால் வாய்ப்பு அதிகம்.

வெக்கையால் மூச்சு வாங்கும் நாயை நிழலில் ஃபேனுக்கு அடியில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்தால் கால் மணி நேரத்தில் அடங்கும், நடை இயல்பாக இருக்கும். பால் காய்ச்சலில் அடங்காது. நிலைகொள்ளாமல் அலையும், குட்டிகளைக் கவனிக்காது, முகத்தைக் காலால் தேய்க்கும். நடக்கும்போது பின்னங்கால்கள் கட்டைபோல் விறைக்கும், தோள்பட்டைத் தசை துடிக்கும். பிறகு கீழே விழுந்து இழுப்பு வரும், வெப்பம் 105-ஐத் தாண்டும். விறைப்பைப் பார்த்த உடனே கிளம்புங்கள், இழுப்புக்குக் காத்திருக்க வேண்டாம். வாய்வழி எதுவும் கொடுக்காதீர்கள், புரையேறும். நரம்பு வழியாகக் கால்சியம் குளுக்கோனேட்டை, இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதனால் இதையும் வீட்டில் போட விடாதீர்கள். கிளம்பும்போதே குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, அன்று முழுக்கப் பவுடர் பாலில் வையுங்கள்.

பால் கொடுக்கும் காலத்தில் தீவனத்தை அளக்காதீர்கள். மூன்றாவது வாரம் ஏழெட்டுக் குட்டி இருந்தால் 800, 900 கிராம் வரை தின்னும், வைத்துக்கொண்டே இருங்கள், தண்ணீர்ப் பாத்திரம் காயக் கூடாது. தினம் ஒரு தடவை ஒவ்வொரு காம்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டு, கல்லாகி, சிவந்தோ ஊதாவாகவோ இருந்தால் மடிவீக்கம். கசிவு முதல் ஒன்றிரண்டு நாள் கரும்பச்சை, பிறகு செம்பழுப்பாகி மூன்று நான்கு வாரத்துக்கு மேலும் சிறிது சிறிதாக வரும். நாற்றம் இல்லாதவரை கவலையில்லை. நாற்றமும் 103.5-க்கு மேல் காய்ச்சலும் சேர்ந்தால் கருப்பையில் சீழ், அன்றைக்கே காட்டுங்கள். குட்டி போட்டு முடித்த 24 மணி நேரத்துக்குள் ஒரு தடவை எப்படியும் மருத்துவர் பார்த்துவிட வேண்டும், எல்லாம் நன்றாக நடந்திருந்தாலும்.

ஏப்ரல் 28 எக்ஸ்ரே எடுத்ததும் எண்ணிக்கையை இங்கே போடுங்கள். ஒன்று இரண்டுதான் என்றால் திட்டத்தை மாற்ற வேண்டியிருக்கும், அப்போது தேதி பார்த்து முன்கூட்டியே திருநெல்வேலிப் பக்கம் வந்து தங்குவதுதான் நல்லது.

---

கரிசக்காடு

சரி டாக்டர். பிளைவுட்டுக்கு இன்னைக்கு ஆள் சொல்லிட்டேன், சனிக்கிழமை இராமையன்பட்டி போய் ராத்திரி நேரம் விசாரிச்சிட்டு வர்றேன். 28-ம் தேதி எண்ணிக்கையோட வர்றேன்.